மோதல் கணக்கும் நம் மாணவரும்

(ஆய்க்குடியில் நடைபெற்ற வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் பேச அழைக்கப்பெறுவோர் சங்கத்தின் சாதனைகளைப் பேசுவர். அதனை வளர்த்த பெரியோர்களின் தியாகத்தைப் பேசுவர். அவற்றைப் பேச நம்மினும் தகுதியுடையோர் இங்குப் பலர் உள்ளனர். நாமோ இன்று ஓர் இயற்பியல் கணக்கைப் பற்றிப் பேச விரும்புகிறோம். வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்ற தலைமையாசிரியர்க்கு இயற்பியலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

நாம் பத்தாம் வகுப்புத் தேறியது 1980-களின் நடுப்பகுதியில். மதிப்பெண் நன்றாகவே இருந்தது. மேனிலை வகுப்பில் சேரச் சென்றபோது, அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் நம் சான்றிதழ்களை வாங்கிப் பார்த்தார். மதிப்பெண்ணைப் பார்த்தார், சாதிச் சான்றிதழையும் பார்த்தார். "உங்க பிள்ளைகளுக்குக் கணக்கு வராதுப்பா, வரலாறு எடுத்துக்கோ, சுலபமாத் தேறிரலாம்" என்றார். அவர் குரலில் வெறுப்பு இல்லை, இரக்கமே இருந்தது. வெறுப்போடு சொல்லியிருந்தால் ஒருவேளை எதிர்த்திருப்போம். இரக்கத்தோடு சொன்னதால் நம்பிவிட்டோம். வரலாறு படித்தமைக்காக நாம் வருந்தவில்லை; அது நமக்குச் சோறும் சிந்தனையும் தந்தது. ஆயினும், "கணக்கு நமக்கு வராது" என்ற பொய்யை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்து திரிந்தோம் என்பதை இம்மேடையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, நம் படிப்பகத்தில் பிள்ளைகள் படிப்பதை மேற்பார்த்துக்கொண்டிருந்தோம். மேனிலை முதலாண்டு மாணவி ஒருத்தி, பீடி சுற்றும் தாயின் மகள், ஒரே கணக்கை மூன்றாம் முறையாக அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தாள். "என்னம்மா?" என்றோம். "சார், இந்தக் கணக்குக்கு ரெண்டு விடை வருது. எனக்குக் கணக்கு வராது சார். வேற குரூப்புக்கு மாத்திக்கிடலாமா?" என்றாள். முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் காதில் விழுந்த அதே சொல் இப்போது அக்குழந்தையின் வாயிலிருந்து வந்தது. நம்மிடம் பிறர் சொன்னார். இவளோ தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதுதான் நம்மை உறுத்தியது.

அன்றிரவு அந்தப் பாடநூலை வீட்டிற்கு எடுத்துச் சென்றோம். ஒரு வாரம் அதனோடு மல்லாடினோம். அவ்வாரத்தில் கற்றதையே இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

அவள் செய்த கணக்கு இதுதான்: 3 கிலோகிராம் நிறையுள்ள பந்து ஒன்று வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் சென்று, ஓய்விலிருக்கும் 1 கிலோகிராம் பந்தின் மீது நேருக்கு நேராக மோதுகிறது. மோதல் முழு மீட்சி மோதல். மோதிய பின் இரண்டின் திசைவேகங்கள் யாவை?

இதற்குள் புகுமுன் சார்புத் திசைவேகம் என்னும் கருத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2018-இல் வந்த மேனிலை முதலாண்டு இயற்பியல் பாடநூலில் சார்புத் திசைவேகம் இரண்டாம் அலகில் வருகிறது. மோதல் நான்காம் அலகில் வருகிறது. இடையில் பல வாரங்கள் கடந்துவிடுகின்றன. ஆதலின் மாணவர் இவற்றை உறவில்லாத இரு பாடங்களாகவே கருதிவிடுகின்றனர். முதலாவது கைவந்தால் இரண்டாவது தானே கைவரும் என்பதே இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

தென்காசிச் சாலையில் மிதிவண்டியில் செல்லாதவர் நம்மில் எவரும் இரார். நீங்கள் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மிதித்துச் செல்கிறீர்கள். பின்னாலிருந்து 12 மீட்டர் நீளமுள்ள பேருந்து ஒன்று வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அது உங்களைக் கடந்து முடிய எவ்வளவு நேரமாகும்? சாலையோரத்தில் நிற்பவர்க்குப் பேருந்தின் வேகம் 10. உங்களுக்கோ அது 10-இலிருந்து 5 போக 5 மட்டுமே. ஆகவே 12-ஐ 5-ஆல் வகுக்க 2.4 வினாடி. அதே பேருந்து எதிரே வந்தால் 10-உம் 5-உம் கூடி 15 ஆகும். 12-ஐ 15-ஆல் வகுக்க 0.8 வினாடியில் கடந்துவிடும். பின்னால் வரும் பேருந்து நெடுநேரம் நம்மை உரசிக்கொண்டே வருவதுபோலவும், எதிரே வருவது ‘விருட்’டென்று போய்விடுவதுபோலவும் தோன்றுவதன் காரணம் இதுவே. பாடநூல்களில் இரண்டு இரயில்கள் எதிரெதிரே விரைவதாகக் கணக்கு கொடுப்பர். தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து இருப்புப்பாதை ஒற்றைப் பாதையாதலின், ஓர் இரயில் நிலையத்தில் ஒதுங்கி நிற்க மற்றொன்று கடப்பதையே நம் பிள்ளைகள் கண்டிருக்கின்றனர். காணாத இரயிலைக் கற்பனை செய்து மயங்குவதைவிட, கண்ட பேருந்தை வைத்துத் தெளிவதே நன்று.

இன்னுமோர் எடுத்துக்காட்டு. குற்றாலச் சாரல் காலத்தில், காற்று ஓய்ந்து தூறல் நேராக விழும் வேளையில், நின்றுகொண்டிருந்தால் குடையை நிமிர்த்திப் பிடிக்கிறோம். மிதிவண்டியில் செல்லத் தொடங்கியதும் அதே தூறல் முகத்தில் அறைகிறது. மழை மாறவில்லை; நாம் நகர்கிறோம். துளி வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் விழ, நாம் 3 மீட்டர் வேகத்தில் சென்றால், நமக்கு அத்துளி வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் முன்னாலிருந்து சரிந்து வருவதாகத் தோன்றும். குடையை ஏறத்தாழ 37 பாகை முன்னால் சாய்த்தால்தான் நனையாமல் இருக்கலாம். ஒரு பொருளின் வேகம் இன்னது என்று சொல்லும்போது, எங்கிருந்து பார்த்துச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

ஆனால் ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. இரண்டு பொருள்களைச் சாலையோரத்தில் நின்று ஒருவர் பார்க்கலாம். ஓடும் பேருந்திலிருந்து மற்றொருவர் பார்க்கலாம். ஒவ்வொரு பொருளின் வேகத்தையும் இருவரும் வெவ்வேறாகச் சொல்வர். அவ்விரண்டு பொருள்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டும் இருவரும் ஒன்றாகவே சொல்வர். நாம் அன்றாடம் காணும் வேகங்களுக்கெல்லாம் இது பொருந்தும். இந்த வேறுபாடுதான் மோதல் கணக்கின் திறவுகோல்.

இனி அம்மாணவியின் கணக்கிற்கு வருவோம். நம் படிப்பகத்தின் மூலையில் ஒரு கேரம் பலகை இருக்கிறது. போட்டி விதிகளின்படி ஸ்டிரைக்கரின் எடை 15 கிராமுக்கு மிகக் கூடாது; காயின் எடை 5 கிராம் முதல் 5.5 கிராம் வரை இருக்க வேண்டும். அஃதாவது ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. பாடநூலின் இரண்டு பந்துகளும் மாலைதோறும் நம் பிள்ளைகளின் விரல் நுனியில் இருந்திருக்கின்றன! கேரம் நம் போன்ற எளிய மக்களின் தெருக்களில் வளர்ந்த ஆட்டம். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் உலகப் பட்டம் வென்று, 1996-ஆம் ஆண்டிற்கான அர்ச்சுனா விருதும் பெற்றார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். இக்கணக்கை அவர்களது விரல் அறிந்திருந்தது; நாம் அதனை ஏட்டிலும் எழுத வேண்டும்.

மோதலின்போது புறவிசை குறுக்கிடாவிட்டால் மொத்த உந்தம் மாறுவதில்லை. நிறையைத் திசைவேகத்தால் பெருக்கி வருவதே உந்தம். 15 கிராம் ஸ்டிரைக்கர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வருகிறது. ஆகவே மொத்த உந்தம் 30. மோதிய பின் ஸ்டிரைக்கரின் திசைவேகம் ‘ச’ என்றும், காயின் திசைவேகம் ‘க’ என்றும் கொள்வோம்.

15 ச + 5 க = 30; ஐந்தால் வகுக்க, 3 ச + க = 6.

தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று. மற்றொன்று வேண்டும். மீட்சி மோதலில் இயக்க ஆற்றலும் மாறுவதில்லை என்பதிலிருந்து அதனைப் பெறலாம். அம்மாணவி அப்படித்தான் செய்தாள். ஆற்றலில் வேகத்தின் இருமடி வருவதால் அவளுக்கு இருபடிச் சமன்பாடு வந்தது; அதற்கு ச = 1, ச = 2 என இரண்டு விடைகளும் வந்தன. தான் எங்கோ பிழை செய்துவிட்டதாக எண்ணி அவள் மூன்று முறை அடித்து எழுதினாள்.

மாணவச் செல்வங்களே, நன்றாகக் கேளுங்கள். அவள் ஒரு பிழையும் செய்யவில்லை. ச = 2 என்றால் க = 0. ஸ்டிரைக்கர் அதே வேகத்தில் செல்கிறது, காய் அசையாமல் கிடக்கிறது. அது மோதுவதற்கு முந்திய நிலை! உந்தமும் ஆற்றலும் மாறாமலிருக்கும் நிலைகள் யாவை என்று கேட்டோம். மோதலுக்கு முந்திய நிலையையும் சேர்த்து இரண்டு நிலைகளைச் சமன்பாடு நேர்மையாகக் காட்டியது. முந்தியதை நீக்கிவிட்டால் பிந்தியது ச = 1, க = 3. சரியாகச் செய்துவிட்டு, சரியென்று சொல்ல ஆளில்லாமையால், தனக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டிய பிள்ளை அவள். இப்படி எத்தனை பிள்ளைகள் சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டே வகுப்பு மாறிப் போயினரோ!

இருபடிச் சமன்பாட்டுக்குள் புகாமலேயே செய்ய எளிய வழி உண்டு. உந்தத்தில் ஸ்டிரைக்கர் இழந்ததும் காய் பெற்றதும் சமம்: 15 × (2 − ச) = 5 க. ஆற்றலிலும் இழந்ததும் பெற்றதும் சமம்; இருபுறமும் வரும் ‘பாதி’யை நீக்கிவிட்டால், 15 × (4 − ச²) = 5 க². இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். இருமடிகளின் வேறுபாட்டைக் காரணிப்படுத்தக் கீழ்வகுப்பிலேயே கற்றிருக்கிறீர்கள். 4 − ச² என்பது (2 − ச) × (2 + ச). ஆகவே எஞ்சுவது 2 + ச = க. இதனையே மாற்றி எழுதினால்,

க − ச = 2.

இடப்பக்கம் இருப்பது மோதிய பின் காயும் ஸ்டிரைக்கரும் விலகும் வேகம். வலப்பக்கம் இருப்பது மோதுமுன் அவை நெருங்கிய வேகம். நேருக்கு நேரான மீட்சி மோதலில், நெருங்கிய வேகமும் விலகும் வேகமும் சமம். பொருள்கள் பெரியவையோ சிறியவையோ, இவ்விதி மாறுவதில்லை. இனிக் கணக்கு இரண்டு வரியில் முடிந்துவிடும்: 3 ச + க = 6; க − ச = 2. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்க, 4 ச = 4. ச = 1, க = 3.

சரிபார்க்கும் பழக்கத்தையும் கைவிடலாகாது. மோதுமுன் ஆற்றல்: 15-இல் பாதியை 4-ஆல் பெருக்க 30. மோதிய பின்: ஸ்டிரைக்கருக்கு 7.5, காய்க்கு 22.5, கூட்டினால் 30. பிறர் சரியென்று சொல்லக் காத்திராமல், சரியா தவறா என்று தாமே கண்டுகொள்ளும் வழி இது. நம் பிள்ளைகட்கு இது பெரிதும் தேவை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டும் எதிரெதிரே வரும் கணக்கில் பலர் வழுக்கி விழுகின்றனர். ஸ்டிரைக்கர் வலப்புறமாக 2 மீட்டர் வேகத்திலும், காய் இடப்புறமாக 1 மீட்டர் வேகத்திலும் வருகின்றன எனில், காயின் திசைவேகத்தை −1 என எழுத வேண்டும். உந்தம் 30 − 5 = 25; ஐந்தால் வகுக்க, 3 ச + க = 5. நெருங்கும் வேகமோ 2-உம் 1-உம் கூடி 3. எதிரே வந்த பேருந்தை நினைவுகொள்ளுங்கள். ஆகவே க − ச = 3; விடை ச = 0.5, க = 3.5. வலம் எது, இடம் எது என்று முதலில் ஓர் அம்புக்குறி வரைந்துவிட்டுத் தொடங்கினால் இப்பிழை நேராது.

உண்மையான கேரம் பலகையில் ‘டக்’கென்ற ஒலியாகவும் வெப்பமாகவும் சிறிது ஆற்றல் கழிகிறது, ஆதலின் விலகும் வேகம் நெருங்கிய வேகத்தினும் சற்றுக் குறையும். ஓரத்தில் பட்டால் காய் பக்கவாட்டில் ஓடும். முழு மீட்சி, நேருக்கு நேர் என்று பாடநூல் சொல்வது, முதலில் எளியதைக் கற்பதற்காகவே.

இந்த விதி எவ்வாறு கண்டறியப்பெற்றது என்பதும் அறியத்தக்கது. வரலாறு படித்தவர் என்ற முறையில் அதனைச் சொல்ல நமக்கு உரிமையுண்டு. பிரான்சு நாட்டுப் பேரறிஞர் தெக்கார்த்து 1644-இல் வெளியிட்ட நூலில் மோதலுக்குச் சில விதிகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று, ஓய்விலிருக்கும் பெரிய பொருளை அதனினும் சிறிய பொருள் எவ்வளவு வேகமாக வந்து மோதினாலும் அசைக்க முடியாது. சிறியது அதே வேகத்தில் திரும்பிவிடும் என்பதாகும். சொன்னவர் பெரியவராதலின் பலரும் ஏற்றனர். ஆலந்து நாட்டு இளைஞர் கிறித்தியான் ஐகன்சு ஏற்கவில்லை. அவர் இருபதைத் தாண்டிய வயதிலேயே இதனை ஐயுற்று ஆராயத் தொடங்கினார். மோதல் விதிகளைப் பற்றி இலண்டன் இராயல் சங்கம் கேட்டபோது, 1669-இல் தம் முடிவுகளை அனுப்பினார். விரிவான நூல் அவர் மறைந்த பின் 1703-இல் வெளிவந்தது.

அவர் கையாண்ட கருவி சார்புத் திசைவேகமே. ஐந்தருவிப் பக்கம் சாரல் காலத்தில் படகு விடும் குளத்தை நீங்கள் அறிவீர்கள். அப்படிப்பட்ட ஒரு படகில் ஒருவர் நின்று, நிறை சமமான இரு பந்துகளைச் சம வேகத்தில் எதிரெதிரே மோத விடுகிறார். இரண்டும் அதே வேகத்தில் திரும்பும். இதை எவரும் ஒப்புவர். படகும் அதே வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தால், கரையில் நிற்பவர்க்கு அது எப்படித் தோன்றும்? ஒரு பந்து ஓய்வில் இருப்பதாகவும், மற்றது இருமடங்கு வேகத்தில் வந்து மோதி நின்றுவிட, நின்றது அவ்வேகத்தில் ஓடுவதாகவும் தோன்றும். கோலிக்குண்டு ஆட்டத்தில் அடித்த குண்டு அங்கேயே நிற்க, அடிபட்ட குண்டு பறப்பதை நாம் பார்த்ததில்லையா? அதன் விளக்கம் இதுவே. மோதலை மாற்றாமல், பார்க்கும் இடத்தை மட்டும் மாற்றி, கடினமானதை எளிதாக்கிவிட்டார் அவர்.

நம் கேரம் கணக்கையும் அவ்வாறே செய்யலாம். மொத்த உந்தம் 30-ஐ மொத்த நிறை 20-ஆல் வகுக்க 1.5. அந்த வேகத்தில் உடன் செல்பவர் ஒருவர் பார்ப்பதாகக் கொள்வோம். அவருக்கு ஸ்டிரைக்கர் 0.5 வேகத்தில் முன்னோக்கியும், காய் 1.5 வேகத்தில் எதிர்நோக்கியும் வருகின்றன. மோதிய பின் இரண்டும் அதே வேகத்தில் திரும்புகின்றன: −0.5, +1.5. மீண்டும் கரைக்கு வர 1.5-ஐக் கூட்டுங்கள்: 1, 3. சமன்பாடே இல்லாமல் அதே விடை!

தெக்கார்த்தின் கூற்றையும் சோதித்துவிடுவோம். 5 கிராம் காய் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் சென்று, ஓய்விலிருக்கும் 15 கிராம் ஸ்டிரைக்கரின் மீது மோதட்டும். உந்தம்: க + 3 ச = 2. விலகும் வேகம்: ச − க = 2. இரண்டையும் கூட்ட 4 ச = 4; ச = 1, க = −1. காய் திரும்புகிறது, உண்மைதான். ஆனால் வேகத்தில் பாதியை இழந்தே திரும்புகிறது. பெரிய ஸ்டிரைக்கரோ நகர்ந்துவிட்டது. எவ்வளவு பெரிய பொருளாயினும், எவ்வளவு சிறிய பொருள் எவ்வளவு மெல்ல வந்து மோதினும், அது அசைந்தே தீரும் என்று ஐகன்சு நிறுவினார். பேரறிஞர் சொல்லியும் அது பிழை; ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம் தெரிந்த பிள்ளை அதனை நிறுவிக் காட்டலாம்.

இக்கணக்கு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. 1932-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்சில் சேம்சு சாட்விக் என்னும் அறிவியலார், பெரிலியத்திலிருந்து வந்த, மின்னூட்டமில்லாத புதிர்க் கதிர் ஒன்றை ஆராய்ந்தார். அது ஐதரசன் அணுக்கருவின் மீது மோதியபோது, அக்கரு வினாடிக்கு ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம் மீட்டர் வேகம் வரை பெற்றது. நைட்ரசன் அணுக்கரு பெற்றதோ ஏறத்தாழ 47 இலட்சம் மீட்டர் வேகமே. முன்னது பின்னதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. ஐதரசனின் நிறை 1. நைட்ரசனின் நிறை 14. வந்து மோதும் துகளின் நிறையை ‘அ’ என்போம். நாம் மேலே கண்ட இரண்டு வரிகளையே எழுதினால், அடிபட்ட பொருள் பெறும் வேகம் இரு நிறைகளின் கூட்டுத்தொகைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆகவே (அ + 14) என்பது (அ + 1)-ஐப்போல் ஏழு மடங்கு. அ + 14 = 7 அ + 7; 6 அ = 7; அ ஏறத்தாழ 1.17. வந்தது நிறையற்ற கதிரன்று. ஐதரசன் கருவுக்கு ஏறத்தாழச் சமமான நிறையுடைய துகள்! அதுவே நியூட்ரான். சாட்விக் கணித்ததும் ஏறத்தாழ 1.15-தான், பின்னர் நுட்பமாக அளந்ததில் 1.01-ஐ ஒட்டி வந்தது. இக்கண்டுபிடிப்பிற்காக 1935-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். அதே நியூட்ரானின் வேகத்தைத் தணிக்கவே கூடங்குளம் உலையில் நீர் பயன்படுகிறது. நீரிலுள்ள ஐதரசன் கருவும் நியூட்ரானும் ஏறத்தாழச் சம நிறையுடையவை. கோலிக்குண்டைப்போல, நேருக்கு நேர் மோதினால் வந்தது நின்றுவிடுகிறது. படிப்பகத்துக் கேரம் பலகைக்கும் அணு உலைக்கும் விதி ஒன்றே.

பெரியோர்களே, இயற்பியல் விதிகளை அப்படியே சமுதாயத்திற்குப் பொருத்திப் பேசுவது எளிது, அது சரியன்று. மனிதர் கோலிக்குண்டுகள் அல்லர். ஆயினும் அண்ணல் அம்பேத்கரின் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டாமல் இருக்க இயலவில்லை. பம்பாயில் அவர் உயர்நிலைப் பள்ளியில் படிக்கையில், கரும்பலகையில் ஒரு கணக்கைச் செய்யுமாறு ஆசிரியர் அழைத்தார். பிற மாணவர்கள் தங்கள் உணவுப் பெட்டிகளைக் கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்தனர். இவர் நெருங்கினால் தீட்டுப்பட்டுவிடும் என்று, இவர் போய்ச் சேருமுன் ஓடிச்சென்று அப்பெட்டிகளை அப்புறப்படுத்தினர் என அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். கணக்குத் தெரியாமையால் அன்று, கரும்பலகையை நெருங்கியமையாலேயே அந்தக் கூச்சல். இன்று நம் பிள்ளைகள் கரும்பலகையை நெருங்குவதைத் தடுக்கச் சட்டம் எவரையும் விடாது. ஆனால் "எனக்கு வராது" என்று தாமே விலகி நிற்பதை எந்தச் சட்டமும் தடுக்காது. அதனை நாம்தாம் தடுக்க வேண்டும்.

அதற்காக வெள்ளிவிழா ஆண்டில் சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று: படிப்பகத்தில் ஒரு பெரிய கரும்பலகை வேண்டும், அதில் எழுதுவோர் ஆசிரியராக இன்றி மாணவராகவே இருக்க வேண்டும். இரண்டு: கிழமைக்கு ஒரு மாலையைக் கணக்கு மாலையாக ஒதுக்கி, கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் மேனிலை மாணவர்க்குச் சொல்லித்தர வேண்டும். விடை தவறினால் சிரிப்பவர்க்கு அங்கு இடமிருத்தல் கூடாது. மூன்று: பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை எந்தப் பிரிவில் சேர்வது என்பதை, இரக்கப்பட்டோ அஞ்சியோ பிறர் முடிவு செய்ய விடாது, சங்கத்தார் ஒருவர் உடன் சென்று பேச வேண்டும். வரலாறோ வணிகவியலோ பிள்ளை விரும்பி எடுக்கட்டும். விரட்டப்பட்டு எடுத்தல் ஆகாது.

அம்மாணவி என்ன ஆனாள் என்று அறிய விரும்புவீர்கள். ஒரு வாரம் கழித்து அவளைக் கேரம் பலகையருகே அழைத்து, இரண்டு விடைகளின் பொருளையும் விளக்கினோம். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பின்னர், "அப்போ நான் அன்னைக்கே சரியாத்தான் போட்டிருக்கேனா சார்?" என்று கேட்டாள். "ஆம், சரியாகத்தான் போட்டிருந்தாய்" என்றோம். அவள் பிரிவு மாறவில்லை. நமக்கு அந்தச் சொல்லைச் சொல்ல அன்று எவரும் இலர். நம் பிள்ளைகட்கு அதைச் சொல்ல இச்சங்கம் இருக்கிறது. அதுவே இருபத்தைந்து ஆண்டு உழைப்பின் பயன் என்று கருதுகிறோம்.

இச்சங்கம் பொன்விழாவும் காண்க!